பாட்டு ஆப் போனில் இடத்தை அடைப்பது ஏன், அதைக் குறைப்பது எப்படி?

போன் 'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' என்றதும் நாம் முதலில் கை வைப்பது கேலரியில். குழந்தையின் பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்துவிடுகிறோம். பேக்கப் இல்லாவிட்டால், அழித்த போட்டோ நிரந்தரமாகப் போய்விடலாம். பாட்டு ஆப்பில் இருப்பதை அழித்தாலோ, நெட் இருந்தால் மறுபடி வந்துவிடும். ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆன்லைனில் கேட்கிற பாட்டு போனில் எப்படித் தங்குகிறது? பாட்டு சின்னச் சின்னத் துண்டுகளாக இறங்குகிறது. சிக்னல் விட்டாலும் பாட்டு நின்றுவிடாதிருக்க, ஆப் அந்தத் துண்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். கேட்டு முடித்த பிறகும் உடனே தூக்கிப் போடாது. அதே பாட்டை நாளைக்கும் கேட்டால் டேட்டா செலவாகாமல் அங்கிருந்தே ஒலிக்கும். ஆல்பம் படங்களும் கூடவே சேரும். இந்தத் தற்காலிகச் சேமிப்புக்குத்தான் கேச் என்று பெயர். டவுன்லோடு வேறு; அது நாமே வேண்டுமென்று இறக்கி வைத்தது. இவை இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எதை நீக்குவது என்று தெரியும்.

ஆண்ட்ராய்டு போனில் ஸ்பாட்டிஃபை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆப்பைத் திறந்து, மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு செட்டிங்ஸுக்குள் போங்கள். அங்கே 'ஸ்டோரேஜ்' என்ற பகுதியைத் தேடுங்கள். சில பதிப்புகளில் டேட்டா சேமிப்பு, ஆஃப்லைன் பற்றிய பிரிவுக்குள் அது இருக்கும். டவுன்லோடு எவ்வளவு, கேச் எவ்வளவு, காலி இடம் எவ்வளவு என்று அங்கே தனித்தனியாகக் காட்டும். போனின் பொது செட்டிங்ஸில் பார்ப்பதைவிட இதையே நம்புங்கள். பொது செட்டிங்ஸில் பாட்டுத் துண்டுகள் 'டேட்டா' கணக்கில் சேர்ந்துவிடுவது உண்டு. அதனால் அங்கே கேச்சை அழித்தும் இடம் காலியாகவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள்.

கேச் பெரிதாக இருந்தால் அதே பக்கத்தில் 'கிளியர் கேச்' கொடுங்கள். டவுன்லோடு செய்த பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது, பிளேலிஸ்ட்டும் அப்படியே இருக்கும். ஆனால் இதைத் தினசரி வழக்கமாக்க வேண்டாம். கேட்கக் கேட்கக் கேச் மறுபடி வளரும், அழித்த பாட்டுக்கு மறுபடி டேட்டா போகும். நாளுக்கு 1.5 ஜிபி பேக்கில் ஓட்டுகிறவருக்கு அது வீண் செலவு. இடத்துக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு வரும்போது மட்டும் அழியுங்கள்.

பொது செட்டிங்ஸில் இருக்கும் 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' பொத்தானைத் தொடும் முன் யோசியுங்கள். அது டவுன்லோடுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். பிறகு மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும்.

பல போன்களில் பெரிய பங்கு டவுன்லோடுக்குத்தான். அங்கே அளவைத் தீர்மானிப்பது ஒலித்தரம். ஸ்பாட்டிஃபையில் 'நார்மல்' என்றால் நொடிக்கு 96 கிலோபிட், 'ஹை' 160, 'வெரி ஹை' 320. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 320-இல் சுமார் 12 எம்பி, 96-இல் 3.6 எம்பி. ஐநூறு பாட்டு வைத்திருந்தால் முதலாவது 6 ஜிபி, இரண்டாவது 1.8 ஜிபி. ஒலி விவரம் எதையும் இழக்காத லாஸ்லெஸ் தரம் இதைவிடப் பல மடங்கு பெரிது. பஸ் இரைச்சலுக்கு நடுவே சாதாரண இயர்போனில் கேட்கிறவருக்கு 160 தாராளம் என்பது என் கருத்து. டவுன்லோடு தரத்தை மாற்றிய பிறகு, பழையவற்றை நீக்கி வைஃபையில் மறுபடி இறக்குவதே உறுதியான வழி.

பாட்காஸ்ட்டை மறந்துவிடாதீர்கள். 128 கிலோபிட்டில் ஒரு மணி நேரப் பேச்சு 57 எம்பிக்கு மேல் வரும். ஒருமுறை கேட்ட எபிசோடை நாம் பெரும்பாலும் திரும்பக் கேட்பதில்லை, ஆனால் அது போனில் கிடக்கும். ஆட்டோ டவுன்லோடு இருக்கிற ஆப் என்றால் அதை நிறுத்துங்கள். யூடியூப் மியூசிக்கில் 'ஸ்மார்ட் டவுன்லோட்ஸ்' என்ற ஒன்று உண்டு. அது இயங்கினால் நாம் சொல்லாமலே பாட்டுகளை இறக்கி வைக்கும். தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம்.

மெமரி கார்டு போடும் வசதியுள்ள ஆண்ட்ராய்டு போன் என்றால், ஸ்பாட்டிஃபை டவுன்லோடுகளைக் கார்டுக்கு மாற்றலாம். ஃபைல் மேனேஜரில் அந்தப் பாட்டுகளைத் தேட வேண்டாம். அவை பூட்டிய கோப்புகள். அந்த ஆப்பில் மட்டுமே ஒலிக்கும்.

ஐபோனில் கேச்சை மட்டும் அழிக்கும் பொதுப் பொத்தான் கிடையாது. 'ஆஃப்லோட் ஆப்' கொடுத்தால் ஆப் மட்டும் போகும், அது சேர்த்துவைத்த தரவு அப்படியே இருக்கும். அதனால் முதலில் ஆப்புக்குள்ளேயே அழித்துப் பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் ஆப்பையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். டவுன்லோடுகள் போய்விடும், பிளேலிஸ்ட்டுகள் உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கும்.

எல்லாம் முடிந்ததும், ஊருக்குக் கிளம்பும் முன் ஏரோபிளேன் மோடில் போட்டு, வேண்டிய பாட்டுகள் ஒலிக்கின்றனவா என்று சோதியுங்கள். ஸ்பாட்டிஃபையில் டவுன்லோடுகள் நிலைத்திருக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் இணைந்தாக வேண்டும்.