நாக்கில் ஸ்டட், உதட்டில் வளையமா? பல்லைக் காக்கப் பத்துக் குறிப்புகள்

காலேஜ் போகும் பிள்ளைகள் நாக்கிலும் உதட்டிலும் குத்திக்கொள்ள ஆசைப்படும் காலம் இது, தோழிகளே! தைப்பூசத்துக்கு அலகு குத்துபவர்கள் நேர்த்திக்கடன் முடிந்ததும் வேலை எடுத்துவிடுவார்கள். ஸ்டட்டோ ராப்பகலாக வாயிலேயே கிடந்து பல்லிலும் ஈறிலும் உரசும் என்பதால் இந்தக் குறிப்புகளைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. குத்தும் முன் பல் டாக்டரிடம் காட்டி, சொத்தையும் ஈறு வீக்கமும் இருந்தால் சரிசெய்துவிடுங்கள். இதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த ஆசையே வேண்டாம். வாய்ப் புண்ணில் நுழையும் கிருமி ரத்தம் வழியே இதயம் வரை போகும்.

2. ஊசி பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். பழைய ஊசியால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் தொற்றலாம். காது குத்தும் கன் நாக்குக்கு ஆகவே ஆகாது.

3. நாக்கு வீங்கும் என்பதால் முதலில் நீளக் கம்பிதான் போடுவார்கள். வீக்கம் வற்றியதும் குத்தியவரிடமே போய்க் குட்டைக் கம்பியாக மாற்றிவிடுங்கள். நீளக் கம்பிதான் அதிகமாகப் பல்லில் இடிக்கும்.

4. புண் ஆறும்வரை, சாப்பிட்டதும், பெரிய டம்ளர் வெந்நீர் வெதுவெதுப்பானதும் அதில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். மவுத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் இல்லாததாகப் பாருங்கள்.

5. மலிவாகக் கிடைக்கிறதே என்று கவரிங் ஸ்டட் வாங்காதீர்கள், நிக்கல் பலருக்கு அலர்ஜி. ஆறிய பிறகு பிளாஸ்டிக் உருண்டைக்கு மாறினால் பல் சில்லு பெயர்வது குறையும். ஆனால், ஈறு உரசுவதை அதுவும் தடுக்காது.

6. படிக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் ஸ்டட்டைக் கடிப்பதும் பல்லில் தட்டுவதும் தானாக வந்துவிடும் பழக்கம். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுவது இதனால்தான். பார்த்தவுடன் சொல்லித் திருத்துங்கள்.

7. மாதம் ஒருமுறை போன் டார்ச்சைப் போட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாக்கு ஸ்டட் என்றால் கீழ் முன்பற்களின் உட்புறம், உதட்டு ஸ்டட் என்றால் வெளிப்புறம். போன மாதத்தைவிடப் பல் நீளமாகத் தெரிந்தால் ஈறு இறங்குகிறது என்று அர்த்தம், ஸ்டட்டைக் கழற்ற நேரம் வந்துவிட்டது.

8. தினமும் கை கழுவிவிட்டுத் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், தளர்ந்தால் தொண்டைக்குள் போய்விடும். கம்பியிலும் பற்காரை படியும், பல் துலக்கும்போதே மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

9. நன்றாக ஆறிய பிறகு, கபடி, கிரிக்கெட் ஆடும்போது கழற்றி வையுங்கள். முகத்தில் அடி பட்டால் ஸ்டட்டே பல்லை உடைக்கும். உடைந்த துண்டு கிடைத்தால் பாலில் போட்டு அன்றைக்கே டாக்டரிடம் எடுத்துப்போங்கள். சின்ன உடைசலை உடனே அடைத்தால் ரூட் கெனால், கேப் என்று ஆயிரக்கணக்கில் ஆகும் செலவு பெரும்பாலும் மிச்சம்.

10. காய்ச்சல், சீழ், தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் கை வைத்தியம் வேண்டாம். ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தேய்ந்த எனாமலும் இறங்கிய ஈறும் தானாகத் திரும்ப வளராது. இன்னும் குத்தவில்லை என்றால், குத்தாமல் இருப்பதுதான் பல்லுக்கும் பர்ஸுக்கும் நல்லது என்று பிள்ளைகளிடம் இன்றே பேசுங்கள்!