பண்ணையைப் பார்க்க தரக் குழு வருதா? முதல்ல இதைக் கவனி

கண்ணு, பால் எடுக்கற கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சதும் நீ சுண்ணாம்பு வாங்கத்தான் ஓடுவே. தாராளமா அடி. ஆனா சுவரைப் பார்த்து யாரும் பாலை எடுத்துக்க மாட்டாங்க. ஊசி போட்ட மாட்டுப் பாலும், பூஞ்சைத் தீவனம் தின்ன மாட்டுப் பாலும் தவறிக்கூட கேனுக்குள்ள போகாம இருக்க நீ என்ன ஏற்பாடு வெச்சிருக்கேங்கறதுதான் அவங்க கேள்வி. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

மடிநோய்க்கு டாக்டர் ஆன்டிபயாடிக் போட்டா அன்னிக்கே அந்த மாட்டுப் பின்னங்கால்ல சிவப்புத் துணி கட்டிடு. விடிகாலை இருட்டுல கறக்க உட்கார்றவங்களுக்குக் கால்தான் முதல்ல கண்ணுல படும், கழுத்துல கட்டினா தெரியாது. அதைக் கடைசியா, தனிப் பாத்திரத்துல கறக்கணும். எத்தனை நாள் பாலை ஒதுக்கணும்னு மருந்து லேபிளைப் பாரு, டாக்டர் சீட்டுலயும் எழுதி வாங்கு. லேபிள்ல நாள் போடாத மருந்துன்னா குறைஞ்சது 7 நாள் ஒதுக்கணும்னு நம்ம நாட்டு மருந்து விதி சொல்லுது. ஒரு காம்புலதான டியூப் ஏத்தினோம், மத்த மூணு காம்புப் பாலை ஊத்தலாமேன்னு நினைக்காதே. மருந்து ரத்தத்துல கலந்து மத்த காம்புக்கும் வரும். காய்ச்சினாலும் முழுசாப் போகாது. அந்த ஒரு மாட்டுப் பால் குளிரூட்டும் டேங்க்ல கலந்தா, ஊரே கொண்டுவந்து ஊத்தின பாலும் சேர்ந்து கெட்டுது. அதைக் குடிக்கற பிள்ளைங்களுக்கு நாளைக்கு நோய் வந்தா மருந்து கேக்காமப் போற ஆபத்தும் இருக்கு. இந்த ஒரு விஷயத்துல நீ கறாரா இருக்கணும்.

புதுசா மாடு வாங்கினாலும் கடைசியா என்ன ஊசி, எப்போ போட்டாங்கன்னு விக்கறவங்ககிட்ட கேட்டுக்கோ. பால் வத்தறப்போ காம்புல ஏத்தற டியூப் ரொம்ப நாள் நிக்கும். நாள் கணக்குக்கு முன்னாடியே கன்னு போட்ட மாட்டை அவசரப்பட்டுக் கேனுக்குக் கறந்துடாதே.

ஊசியே தேவைப்படாம பார்த்துக்கறது இன்னும் நல்லது. கறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காம்புலயும் முதல் ரெண்டு மூணு பீச்சைக் கறுப்புத் துணி மேல விட்டுப் பாரு. திரிதிரியா நின்னா மடிநோய். சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு மடியில பூசற முறையை நம்ம கால்நடைப் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்த புண்ணியமூர்த்தி ஊரெல்லாம் பரப்பியிருக்கார். ஆரம்பத்துலயே பூசு. மடி இறுகி, மாடு காய்ச்சல்ல தீவனம் எடுக்கலேன்னா பூச்சை நம்பி உட்காராம டாக்டரைக் கூப்பிடு. கறந்து முடிச்சதும் காம்பை அயோடின் மருந்துல முக்கி, முன்னாடி தீவனம் போட்டு அரைமணி நேரம் நிக்க வை. காம்போட துவாரம் மூட அவ்வளவு நேரம் ஆகும், உடனே படுத்தா சாணத்துக் கிருமி உள்ளே ஏறிடும்.

தீவன ரூமுக்கு வா. மூட்டைகளை மரப்பலகை மேல, சுவரை விட்டுத் தள்ளி அடுக்கு. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் மூணுலயும் ஈரம் பட்டா பச்சைப் பூஞ்சை வந்துடும். அந்தப் பூஞ்சை விடற அஃப்ளாடாக்சின்ங்கற விஷம் மாட்டு வயித்துக்குப் போய் ஒரே நாள்ல பாலுக்கு வந்துடுது. பால்ல அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதி. கண்ணுக்கோ நாக்குக்கோ பிடிபடற அளவே இல்ல. பூசணம் பிடிச்சதை வெயில்ல காயவெச்சுப் போட்டா பூசணம் உதிரும், விஷம் அப்படியே இருக்கும். ஒரு மூட்டைக் காசு போனாப் போகுதுன்னு குப்பைக்குழியில போடு. மழைக்காலத்துல ஒரு மாசத்துக்குச் சேர்த்து வாங்காம வாரத்துக்கு வாங்கு.

அடுத்தது நோட்டு. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, காதுத் தோட்டுல இருக்கற 12 இலக்க எண்ணை மேல எழுது. கீழே சினை ஊசித் தேதி, கன்னு போட்ட தேதி, குடற்புழு மருந்து, 6 மாசத்துக்கு ஒரு தடவை போடற கோமாரித் தடுப்பூசி. கிடேரிக் கன்னுக்கு 4லேர்ந்து 8 மாசத்துக்குள்ள கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போட்டிருந்தா அதையும் எழுது. வைத்தியம் பார்த்திருந்தா மருந்துப் பேர், அளவு, யார் போட்டாங்க, எந்தத் தேதியிலிருந்து பால் சேர்த்தே. முந்தின நாள் ராத்திரி ஒரே பேனாவுல மொத்தத்தையும் எழுதி வெச்சா, பழகின கண்ணுக்குப் புரட்டினதுமே தெரியும். டாக்டர் சீட்டோடயும் பால் ஊத்தின பாஸ்புக்கோடயும் ஒத்துப் பார்ப்பாங்க. அதனால இன்னிக்கே ஆரம்பி. விட்டுப்போனது விட்டுப்போனதாகவே இருக்கட்டும்.

கேன் கழுவறதுக்கு முதல்ல பச்சைத்தண்ணி. எடுத்த எடுப்புல சுடுதண்ணி ஊத்தினா பால் படலமா ஒட்டிக்கும். அப்புறம் பால் பாத்திரப் பவுடர் போட்டு வெதுவெதுப்பான தண்ணியில தேய்ச்சு, அலசி, ஸ்டாண்டுல கவிழ்த்து வை. மூடியோட ரப்பரைக் கழட்டித் தேய்க்கணும், நாத்தம் ஒளிஞ்சிருக்கறது அங்கதான். பிளாஸ்டிக் குடத்துல கறக்காதே. தண்ணித்தொட்டி, சாக்கடை, ஈ, கோழி, நாய் எல்லாம் உனக்கே தெரியும். மருந்து அலமாரியில தேதி முடிஞ்சதைத் தூக்கிப் போடு. உண்ணி மருந்து தீவனப் பக்கம் இருக்கவே கூடாது. பால் இறக்கப் போடற ஆக்ஸிடோசின் ஊசி உன் பண்ணை வாசலுக்கே வரக்கூடாது.

ஆய்வன்னிக்கு உன்னைவிட கறவை ஆள்கிட்டதான் அதிகம் கேப்பாங்க. சிவப்புத் துணி எதுக்கு, இந்த மாட்டுப் பால் எங்கே போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒப்பிக்கச் சொல்லிக் கொடுக்காதே, கூட உட்கார்ந்து காரணத்தைச் சொல்லு. நகம் வெட்டியிருக்கணும், கையில புண் இருந்தா அன்னிக்கு வேற ஆள் கறக்கணும்.

ஏதாவது குறை சொன்னா வாதாடாதே. எதை எப்போ சரிபண்ண முடியும்னு உன்னால முடியற தேதியாப் பார்த்துச் சொல்லு. தரை உடைஞ்சிருந்தா ரெண்டு நாள்ல போடறேன்னு சொல்லாம கொத்தனார் கிடைக்கற வாரத்தைச் சொல்லு. அவங்க எழுதின அறிக்கையில ஒரு நகல் கேட்டு வாங்கி, நோட்டுக் கடைசிப் பக்கத்துல ஒட்டிடு.