ஒரு ஏக்கருக்கு ஒரு சீட்டா?

கேள்வி: என் மகன் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கட்-ஆஃப் 148. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் இருக்கிறது என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். வருஷத்துக்கு 1,80,000, ஹாஸ்டலுக்கு 95,000, சேரும்போது தனியாக இரண்டு லட்சம். எங்களுக்கு இரண்டரை ஏக்கர் இருக்கிறது. மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிறோம். ஒரு ஏக்கரை விற்று, மீதிக்கு பேங்க் லோன் போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. "படிப்புக்குப் போடுவது செலவா அண்ணி? முதலீடு" என்கிறார் கொழுந்தனார். ஆனால் மெக்கானிக்கல் முடித்த எதிர்வீட்டுப் பையன் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். மகனைப் பத்தாவது வரை ஊர் அரசுப் பள்ளியில் படிக்கவைத்து, பிறகு டவுனில் தனியார் பள்ளிக்கு மாற்றினோம். இன்னொரு பெண் இருக்கிறாள், அரசுப் பள்ளியில் பத்தாவது எழுதியிருக்கிறாள். இவ்வளவு பணம் போடலாமா?

— பெயர் வேண்டாம், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: போட வேண்டாம், சகோதரி. படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த விலைக்கு வேண்டாம் என்கிறேன்.

உங்கள் கொழுந்தனார் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், படிப்பு முதலீடுதான். ஆனால் ஒரு மாடு வாங்கப் போனாலே பல்லைப் பிடித்துப் பார்த்து, கைமேல் துண்டைப் போட்டு விலை பேசுகிற ஊர் நம்முடையது. பதிமூன்று லட்சத்துக்கு ஒரு சீட்டு வாங்கும்போது மட்டும் வாய் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பானேன்?

பதிமூன்று லட்சம் என்பது என் கணக்கில்லை, நீங்கள் எழுதியதை நாலு வருஷத்துக்குக் கூட்டினால் வருவது. அதில் இரண்டு லட்சம் 'தனியாக'. அதற்கு ரசீது உண்டா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, வந்தவரும் சொல்லியிருக்க மாட்டார். நன்கொடை வாங்குவதைத் தடை செய்து தமிழக அரசு 1992-லேயே சட்டம் போட்டுவிட்டது. தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க நீதிபதி தலைமையில் குழுவும் உண்டு. அந்தக் குழு 2017-இல் நிர்ணயித்த தொகை, கவுன்சிலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000, தரச்சான்று பெற்ற படிப்பென்றால் 55,000. நிர்வாக இடத்துக்கே 85,000, 87,000தான். உங்களிடம் கேட்டிருப்பது அதைப்போல் இரண்டு மடங்கு!

இங்கேதான் பெற்றோர் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவன் கவுன்சிலிங்கில் வந்தவன், வலது பக்கம் இருப்பவன் மேனேஜ்மென்ட். இருவருக்கும் கடைசியில் கிடைப்பது அதே அண்ணா பல்கலைக்கழகப் பட்டம், எந்த வழியில் வந்தான் என்று அதில் அச்சடிப்பதில்லை. வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவரும் அதைக் கேட்பதில்லை. உங்கள் குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை என்பதால், கவுன்சிலிங்கில் சேர்ந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையாக ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழியும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். மேனேஜ்மென்ட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது. ஆக அந்தக் குழுவின் கணக்குப்படி, ஒரே பெஞ்சில் இடது பக்கத்துக்கு முப்பதாயிரம், வலது பக்கத்துக்கு 1,80,000.

அடுத்தது கடன். நிலம் விற்ற பணத்தோடு கூட ஏழரை லட்சம் லோன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி பத்து சதவீதம். வருஷத்துக்கு ஒரு தவணையாகப் பணம் கல்லூரிக்குப் போகும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடும். தவணை தொடங்கும் நாளில் கடன் பத்து லட்சத்தைத் தாண்டி நிற்கும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 13,400 ரூபாய். பெரிய ஐடி சேவைக் கம்பெனிகள் புதுப் பட்டதாரிக்குக் கொடுக்கும் தொடக்கச் சம்பளம், பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. கல்லூரிக் கட்டணம் ஏறிய வேகத்தில் அது ஏறவில்லை. பி.எஃப். பிடித்தம் போகக் கையில் வருவது இருபத்தைந்தாயிரத்துக்குள். சென்னை சோழிங்கநல்லூரில் அறையைப் பகிர்ந்து தங்கி, மூன்று வேளை சாப்பிட்டு, அந்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணையும் கட்ட வேண்டும். அதுவும் வேலை உடனே கிடைத்தால்.

கவுன்சிலிங்கில் சேர்ந்து நாலு லட்சத்துக்கு லோன் வாங்கினால்? பிணை எதுவும் கேட்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால், தகுதியுள்ள படிப்புக்கும் கல்லூரிக்கும், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு மானியமாகக் கட்டுகிறது. தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். பத்து வருஷத் தவணை மாதம் 5,300 ரூபாய்க்குள் முடியும். பையன் தூங்குவான், நீங்களும் தூங்குவீர்கள். கிளை மேலாளர் "நிலப் பத்திரம் கொண்டு வாங்க" என்று சொன்னால், நாலு லட்சத்துக்கு எதற்குப் பத்திரம் என்று கேட்டு, மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் அந்த ஒரு வாக்கியத்துக்கே பேச்சு மாறிவிடும்.

"148-க்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" என்று மகன் கேட்பான். பெரிய பெயருள்ள கல்லூரியில் கிடைக்காது, நேராகவே சொல்லிவிடுங்கள். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில், எந்தப் பிரிவுக்கு எந்த மார்க்கில் இடம் முடிந்தது என்ற பட்டியல் கவுன்சிலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அதைப் பார்க்கட்டும். விழுப்புரம், பண்ருட்டி, திண்டிவனம் ஆகிய இடங்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டிடம் பளபளக்காது, கட்டணம் குறைவு. விருப்பப் பட்டியலில் அவற்றையும் போடட்டும். எலக்ட்ரானிக்ஸோ எலக்ட்ரிகலோ கிடைத்து, நாலு வருஷம் ஒழுங்காக நிரல் எழுதப் பழகினால் ஐடி கம்பெனிக்குள் போக முடியும். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றால் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது. வருஷத்துக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். அந்தப் பிள்ளைகளையும் கம்பெனிகள் எடுக்கின்றன. பையன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

எந்தக் கல்லூரியானாலும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்ற கணக்கை அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாக வெளியிடுகிறது. விளம்பரப் பலகையை விட அது நம்பகமானது. அடுத்து, அந்தப் பாடத்தில் மொத்தம் எத்தனை இடம் என்று கேளுங்கள். ஒரு பாடத்தில் இத்தனை இடத்துக்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பை 2024-இல் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்திவிட்டது. அதன்பின் சில கல்லூரிகளில் கம்ப்யூட்டர் இடங்கள் மளமளவென்று பெருகின. அத்தனை பேருக்கும் பாடம் நடத்த ஆசிரியர் எங்கிருந்து வந்தார் என்பது, முப்பது வருஷம் வகுப்பில் நின்ற எனக்கே புரியாத விஷயம்.

வந்தவருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அசல் மதிப்பெண் சான்றிதழை ஒருநாளும் கொடுக்க வேண்டாம். அதைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமையில்லை.

எதிர்வீட்டுப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் படித்தது வீணா இல்லையா என்பது, அவன் குடும்பம் எவ்வளவு கடன்பட்டது என்பதைப் பொறுத்தது. கடனில்லாமல் படித்தவன் உரக்கடையில் இருந்துகொண்டே அடுத்த வேலைக்குத் தயாராகலாம். மாதம் பதிமூன்றாயிரம் கட்ட வேண்டியவன் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவான்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோகிற மகள். மகனை பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றியதால் என்ன போயிற்று தெரியுமா? ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீதம் தனி இடம் 2021 முதல் இருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. நடந்ததற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, பள்ளி மாற்றும்போது இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. மகளுக்கு இன்னும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. கல்லூரி சேர்ந்தபின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் அவள் கணக்குக்கு வரும். அவளுக்கும் டவுன் பள்ளியில் பிளஸ் ஒன் விண்ணப்பம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டு, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.