பில்ட் ஏன் உடைகிறது? ஜாவாஸ்கிரிப்ட் படிப்பவர்களுக்கு ஒரு பாடம்



வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல் கணினி வகுப்புக்குப் போகிறவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். நல்ல விஷயம். அவர்களில் கூடுதலானோர் என்னிடம் கொண்டுவரும் கேள்வி ஒன்றுதான்: "நான் எழுதின புரோகிராம் சரி. ஆனால் பில்ட் பண்ணினால் திரை முழுக்கச் சிவப்பாய் வருகுது. நான் என்ன பிழை விட்டேன்?"

ஒன்றை முதலில் சொல்லி விடுகிறேன். பல நேரம் நீங்கள் எழுதியதில் பிழை இருக்காது. நீங்கள் எழுதாத, ஆனால் உங்கள் புரோகிராம் நம்பி நிற்கிற பொருட்களில்தான் பிழை இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைத்தான் இன்று படிக்கப் போகிறோம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். அடிக்கும்போது வகுப்புக் குறிப்பைப் பார்த்து ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

சார்பு என்றால் என்ன?

உங்களில் சிலர் இங்கு வருவதற்கு முன் சவூதியில், ஜுபைலில் வேலை பார்த்தவர்கள். 1975-இல் ராயல் கமிஷன் அமைக்கப்பட்ட பிறகு, மீன்பிடி ஊராக இருந்த அந்த இடம் பெரிய தொழில் நகரமாயிற்று. அங்கே ஷட்டவுன் வேலைக்குப் போனவர்களுக்கு இந்தப் பாடம் பாதி தெரியும். ஒரு குழாய் இணைப்பைத் திறந்து மூடப் புது கேஸ்கட் வேண்டும். "ஆறு இஞ்சு கேஸ்கட் ஒன்று தாங்கோ" என்று மட்டும் ஸ்டோரில் கேட்டால் போதாது. அளவு, அழுத்த வகுப்பு, என்ன பொருள் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். 150 வகுப்புக்கு உரியதை 300 வகுப்பு ஃபிளாஞ்சில் வைத்தால் சரியாய் உட்காராது.

ஜாவாஸ்கிரிப்ட் வேலையும் இப்படித்தான். எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதி வைத்த சிறு சிறு பொதிகளை என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுக்கிறோம். அந்தப் பொதிகள் வேறு பொதிகளை நம்பி இருக்கும். நீங்கள் பத்துக் கேட்டால் சில நூறு வந்து இறங்கும். இவற்றைத்தான் சார்புகள் என்கிறோம்.

மூன்று இடங்களை மனதில் வையுங்கள்.

1. பேக்கேஜ் டாட் ஜேசான்: நீங்கள் கேட்ட பொருட்களின் பட்டியல்.
2. பேக்கேஜ் லாக் டாட் ஜேசான்: ஸ்டோர் உண்மையில் எதைக் கொடுத்தது என்ற துல்லியமான பதிவு. 2017-இல் என்பிஎம் 5-ஆம் பதிப்போடு வந்தது.
3. நோட் மாடியூல்ஸ்: வந்து இறங்கிய பொருட்கள் கிடக்கும் ஃபோல்டர்.

கேட்டதும் கிடைத்ததும் ஏன் வேறுபடுகிறது? பதிப்பு எண்ணில் மூன்று பகுதி உண்டு, உதாரணமாக 1.4.2. கடைசி எண் மாறினால் சிறு திருத்தம். நடு எண் மாறினால் புது வசதி. முதல் எண் மாறினால் பழையதோடு பொருந்தாமல் போகலாம். பட்டியலில் எண்ணுக்கு முன்னால் கூரைபோல் ஒரு குறி இருந்தால், 1.4.2 அல்லது அதற்கு மேல், 2.0.0-க்குக் கீழ் எது வந்தாலும் சம்மதம் என்று அர்த்தம். அதனால்தான் போன மாதம் ஓடினது இந்த மாதம் ஓடுவதில்லை. நீங்கள் ஒரு எழுத்தும் மாற்றியிருக்க மாட்டீர்கள். கீழே ஒரு பொதி மாறியிருக்கும்.

ஆகவே லாக் ஃபைலை அழிக்காதீர்கள். புரோகிராமோடு சேர்த்தே வையுங்கள். வேறு கணினியில் தொடங்கும்போது "என்பிஎம் இன்ஸ்டால்" என்பதற்குப் பதில் "என்பிஎம் சிஐ" என்று அடியுங்கள். அது லாக்கில் உள்ளதை அப்படியே கொண்டுவரும். பட்டியலும் லாக்கும் ஒத்துப்போகாவிட்டால் நிறுத்திச் சொல்லும்.

பதினொரு வரி செய்த வேலை

2016 மார்ச் 22-ஆம் திகதி, லெஃப்ட்-பேட் என்ற ஒரு சின்னப் பொதியை அதை எழுதியவர் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். வேறொரு பொதியின் பெயர் பற்றி வந்த தகராறுதான் காரணம். லெஃப்ட்-பேட் வெறும் பதினொரு வரி. சொல்லின் இடப்பக்கத்தை வெற்றிடத்தால் நிரப்புவது அதன் வேலை. ஆனால் பேபெல் போன்ற பெரிய கருவிகள் அதை நம்பி இருந்தன. உலகம் முழுக்க பில்ட்கள் விழுந்தன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திருப்பி வைத்தது. பிறகு, பிரசுரித்த பொதியை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாதபடி விதியையும் மாற்றியது. பெரிய கம்பெனி ஆக்களுக்கும் பில்ட் உடையும். ஆகவே வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பில்ட் உடைந்தால் செய்ய வேண்டியது

முதலில், திரையில் மேலே போங்கள். கடைசி வரிகள் பெரும்பாலும் "பதிவு இந்த இடத்தில் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். உண்மைக் காரணம் முதல் பிழை வரியில் இருக்கும். அந்த ஒரு வரியைக் கொப்பியில் எழுதுங்கள். அதற்குப் பிறகு கீழே உள்ளதில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

"மாடியூல் நாட் ஃபவுண்ட்" என்றால், அந்தப் பொதி உங்கள் பட்டியலில் இல்லை, அல்லது ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறது. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. "வீட்டில் ஓடுது, சர்வரில் ஓடுதில்லை" என்ற புகாரில் பாதி இதுதான்.

"ஈரிசால்வ்" என்றால், இரண்டு பொதிகள் மூன்றாவது ஒன்றை வேறுவேறு பதிப்பில் கேட்கின்றன. ஒன்று ரியாக்ட் 17 கேட்கும், உங்களிடம் 18 இருக்கும். 2020-இல் வந்த என்பிஎம் 7 முதல் இந்த இடத்தில் வேலை நிற்கும். "ஃபவுண்ட்" என்ற வரி உள்ளதைச் சொல்லும், "பியர்" என்ற வரி வேண்டியதைச் சொல்லும். இரண்டையும் படித்து, புதுப் பதிப்போடு பொருந்தும் பொதியைத் தேடுங்கள். "ஃபோர்ஸ்" போடச் சொல்லி நண்பர்கள் சொல்வார்கள். அது 150 கேஸ்கட்டை 300 ஃபிளாஞ்சில் வைத்து போல்டை இறுக்குகிற வேலை. இன்றைக்கு மூடும், பிறகு கசியும்.

"டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ்" என்று தொடங்கினால், பழைய பாடத்தைப் புது நோட் பதிப்பில் ஓட்டுகிறீர்கள். 2021 அக்டோபரில் வந்த நோட் 17 புதிய ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு மாறியது. வெப்பேக் 4 அதோடு ஒத்துவராது. வெப்பேக்கைப் புதுப்பிப்பதே நல்ல வழி. கிரியேட் ரியாக்ட் ஆப் வைத்துச் சொல்லித்தரும் பழைய வீடியோக்களையும் தவிருங்கள். 2025 பெப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டது.

"டைம் அவுட்" என்றால் விடுதி வைஃபை. உங்கள் புரோகிராமைத் தொட வேண்டாம். நூலகத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் பொதிகள் கணினியின் சேமிப்பில் இருக்கும். அடுத்த முறை "ப்ரிஃபர் ஆஃப்லைன்" என்று சேர்த்து அடித்தால் இருப்பதை எடுத்துக்கொள்ளும், டேட்டா மிச்சம்.

எதுவும் பொருந்தாவிட்டால் நோட் மாடியூல்ஸ் ஃபோல்டரை மட்டும் அழித்து "என்பிஎம் சிஐ" அடியுங்கள். அந்த ஃபோல்டரை யூஎஸ்பியில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். சில பொதிகள் அந்தந்தக் கணினிக்கென்று தயாரானவை.

மிக முக்கியம்: யார் தந்த புரோஜெக்ட்?

இதை மட்டும் ஆறுதலாக இரண்டு தரம் வாசியுங்கள். ஒரு பொதியை நிறுவும் நேரத்திலேயே அதனுள் இருக்கும் சிறு புரோகிராம் உங்கள் கணினியில் ஓட முடியும். நீங்கள் எதையும் திறக்கத் தேவையில்லை.

2025 செப்டம்பரில், ஒரு போலி மின்னஞ்சலில் ஏமாந்த ஒருவரின் கணக்கு வழியாக சாக், டிபக் போன்ற மிகப் பிரபலமான பொதிகளில் திருட்டு வரிகளைச் சேர்த்தார்கள். அதே மாதம், இரகசியச் சாவிகளைத் திருடித் தானாகவே பரவும் ஷாய்-ஹுலுட் என்ற புழுவும் என்பிஎம்மில் பரவியது.

இன்னொன்று உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். வேலை தருகிறோம் என்று இணையத்தில் தொடர்பு கொண்டு, "நேர்முகத் தேர்வுக்கு இந்த புரோஜெக்டை இறக்கி ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேட்கும் கும்பல்கள் உண்டு. ஓட்டியவுடன் கடவுச்சொல், காசு, ஃபைல் எல்லாம் போகும். பாலோ ஆல்டோ நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2023 நவம்பரில் இதை வெளியிட்டது. பின்னால் இருப்பவர்கள் வடகொரியாவோடு தொடர்புடையவர்கள் என்பது அவர்கள் முடிவு.

உங்கள் மடிக்கணினியில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். வாக்குமூலம், மருத்துவ அறிக்கை, ஊரில் இருக்கும் சொந்தக்காரரின் விலாசம், சட்டத்தரணியின் கடிதம். அவை தவறான கைக்குப் போனால் மறுபடி பில்ட் பண்ணித் திருத்த முடியாது. ஆகவே:

1. வழக்குக் காகிதங்களைப் படிக்கும் கணினியில் வைக்காதீர்கள். வேறு இடம் இல்லாவிட்டால் எங்களிடம் வந்து கதையுங்கள்.
2. முன்பின் தெரியாதவர் தந்த புரோஜெக்டை உங்கள் கணினியில் ஓட்டாதீர்கள்.
3. புதுப் பொதி சேர்க்கும்போது பெயரை எழுத்து எழுத்தாய்ப் பாருங்கள். ஓர் எழுத்து மாற்றி வைத்த போலிகள் உண்டு.
4. சந்தேகம் இருந்தால் "இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ்" சேர்த்து நிறுவுங்கள். நிறுவும்போது ஓடும் புரோகிராம்களை அது தடுக்கும். ஆனால் பொதிக்குள் ஒளிந்திருப்பது பிறகு ஓடலாம், ஆகவே இது முழுக் காவல் அல்ல.
5. சம்பளம் உள்ளதோ இல்லாததோ, எந்த வேலையையும் ஏற்க முன் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வேலை அனுமதி இல்லாமல் செய்தால் வழக்குக்குப் பாதகமாகலாம்.

உதவி கேட்டு வரும்போது மூன்று விஷயம் கொண்டுவாருங்கள்: முதல் பிழை வரி, நோட் பதிப்பு எண், கடைசியாக நீங்கள் மாற்றியது என்ன என்ற குறிப்பு. இந்த மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அவற்றை எழுதி முடிக்கும்போதே பலருக்கு விடை கிடைத்துவிடுகிறது, உங்களுக்கும் கிடைக்கும்.