மின்செலவைக் குறைக்கும் வீட்டு மாற்றங்கள்: நம்பகமான தகவல் எங்கே?

• மின்கட்டண ரசீது: தமிழகத்தில் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், ஓராண்டின் ஆறு ரசீதுகளே முதல் ஆதாரம். கோடையில் கூடும் யூனிட்கள், குளிர்ச்சிக்காகும் செலவைப் பெருமளவு காட்டிவிடும்.

• ஏ.சி., ஃபிரிட்ஜ்: மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ.-யின் நட்சத்திர லேபிளில் ஆண்டு மின்நுகர்வு யூனிட்டில் இருக்கும். நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், லேபிளின் ஆண்டையும் பார்க்க வேண்டும்.

• மின்விசிறி: பழையது சுமார் 75 வாட், தூரிகையற்ற மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகை சுமார் 30 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால், இரு மாதத்தில் ஒரு விசிறிக்கு ஏறக்குறைய 27 யூனிட் மிச்சம்.

• மொட்டைமாடி: வெப்பத்தடுப்புப் பூச்சு வாங்கும் முன், வெயிலைத் திருப்பியனுப்பும் திறனைக் காட்டும் எஸ்.ஆர்.ஐ. மதிப்புக்கான ஆய்வகச் சான்றைக் கேட்பது அவசியம். இம்மதிப்பு கூடக்கூடத் தளம் குறைவாகச் சூடேறும்.

• சோலார்: 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் அரசு இணையதளத்தில், பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியல் உண்டு. 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் அமைத்தால் மானியம் ரூ.78,000. இத்தொகை வீட்டு உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே சேரும்.

• விலைப்புள்ளி: குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் பெற்று, விலையோடு உத்தரவாதக் காலத்தையும் ஒப்பிட வேண்டும்.