சாலையிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையைத் தாண்டியதும் தொடங்கிக் கிள்ளிப்பாலத்தை நோக்கி நீளுகின்ற சாலைக் கடைத்தெருவை, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் ஏற்படுத்திய அங்காடி என்றோ, பாத்திரக்கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மாந்தரைக் கதைகளாக்கிய ஆ. மாதவனின் உலகம் என்றோ நீங்கள் அறிந்திருக்கக் கூடும். அது நாஞ்சில் நாட்டுக்குச் செல்லும் பழைய வழியின் தலைவாசலும் ஆகையால், ஐந்து நாள் அவகாசத்தோடு வந்தீர்களானால், இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் நடந்தே இரண்டு எல்லைகளைக் கடக்கலாம். ஒன்று 1956இல் பிறந்த களியக்காவிளை எல்லை. மற்றொன்று திருவிதாங்கூர் சமஸ்தானம் முடிந்து வெள்ளைக்காரரின் திருநெல்வேலிச் சீமை தொடங்கிய ஆரல்வாய்மொழிக் கணவாய்.

மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே நடைக்கு உகந்தவை. சாலையிலேயே ஒரு குடையும், வழிக்கு ஏத்தங்காய் உப்பேரியும் வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நடைபாதையை எதிர்பார்ப்பது வீண். விடியுமுன் புறப்பட்டு, எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி வலப்புறமாகவே செல்லுங்கள்.

தங்குமிடங்களை நவராத்திரிப் பவனியே நமக்கு வகுத்துத் தந்திருக்கிறது. பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் தலைநகரை அடைகிறார்கள்; அவர்களுள் குமாரசுவாமி இறங்குவது நம் சாலையை அடுத்த ஆரியசாலை தேவி கோயிலில்தான். நாம் அந்த வழியை மறுதலையாக நடக்கிறோம். முதல் நாள், சாலியர் தறிகளுக்குப் பேர்போன பாலராமபுரத்தில் சற்று நின்று நெய்யாற்றின்கரை சேரலாம்.

இரண்டாம் நாள் பாறசாலை கடந்ததும் களியக்காவிளை. பாஸ்போர்ட்டும் முத்திரையும் கேட்கும் எல்லையைக் கற்பனை செய்து வந்தவர்கள் ஏமாறத்தான் வேண்டும். சோதனைச் சாவடிக்காரர்களின் கண் வண்டிகளின்மேல்தான். பாதசாரியை யாரும் நிறுத்துவதில்லை. பெயர்ப்பலகைகளில் மலையாள எழுத்துத் தமிழாக மாறுகிறதே தவிர, டீக்கடைப் பேச்சில் எது எங்கே முடிந்தது என்று கண்டுபிடிப்பது அரிது. 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும், இதே கோட்டைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.

அன்றிரவு தங்கும் குழித்துறையை ஒட்டிய மார்த்தாண்டத்தில், 1954 ஆகஸ்டு 11 அன்று, தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது; அண்மையிலுள்ள புதுக்கடையிலும் அன்றே நடந்தது. இரண்டாண்டுக்குப் பின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் பிரிந்து வந்தன. ஆயினும், மூன்றாம் நாள் நீங்கள் காணப்போகும் பத்மநாபபுரம் அரண்மனை, தமிழ்நாட்டு மண்ணில் இருந்தபடியே கேரள அரசின் நிர்வாகத்தில் இருக்கிறது! திங்கட்கிழமை விடுமுறை, கணக்குப் பார்த்து நடையுங்கள்.

நான்காம் நாள் நாகர்கோவிலில் இளைப்பாறி, மறுநாள் தோவாளைப் பூச்சந்தை வழியாக ஆரல்வாய்மொழியை அடையுங்கள். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம் என்று எண்ணிக் கொடுத்த நாணயமும், சமஸ்தானத்தின் சொந்த அஞ்சலும் இதற்கு மேற்கேதான் வழங்கின; 1809இல் வேலுத்தம்பி தளவாயை எதிர்த்து வந்த கும்பினிப் படை, இங்கிருந்த கோட்டை அரணைப் பிடித்துக்கொண்டுதான் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. காவலரும் சாவடியும் போய்விட்ட அந்த இடத்தில் இன்று நிற்பவை காற்றாலைகள். பழகிய மலையும் பசுமையும் பின்னால் நிற்க, எதிரே செம்மண்ணும் பனையுமாகப் பாண்டிநாடு விரிவதைக் காணும்போது, எல்லை என்ற சொல் களியக்காவிளையைவிட இங்கேதான் அதிகம் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம். கணவாய்க்காற்று பொல்லாதது, சாலையில் வாங்கிய குடையை முன்னதாகவே மடக்கிவிடுங்கள். திரும்ப நாகர்கோவிலுக்குப் பஸ் உண்டு. அங்கிருந்து ரயில் ஏறினால், நான்கு நாள் நடந்த வழி இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிவிடும்.