கிளையில் பார்க்க வேண்டிய கிளி
மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத கிளி ஒன்று நம் நீலகிரியில் உண்டு. சாம்பல் நிறத் தலை, நீலச் சிறகு, மஞ்சள் நுனி கொண்ட நீண்ட வால். ஆணின் மேல் அலகு சிவப்பு; பெண்ணுக்குக் கருப்பு. குன்னூர் சிம்ஸ் பூங்காவிற்குக் காலையில் சென்றால், மரங்களை அண்ணாந்து பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

மரப்பொந்தில் பொரிக்கும் இதன் குஞ்சுகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்தபோது தாய்ப்பறவை தவித்தது; குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள் (அபூதாவூத்).

வீட்டுக் கூண்டில் கிளி இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். திடீரெனத் திறந்துவிட்டால், இரை தேடிப் பழகாத கிளி பிழைப்பது கடினம்.